பிரார்த்தனா டிரைவ்-இன் முதல் தங்கசாலை கிரௌன் வரை: சென்னையின் பழைய தியேட்டர்கள்

இணைய இழை ஒன்றில் வந்த கேள்வி (கீழே இருப்பவை என் பதில்கள் மட்டும்): ஈ.சி.ஆர். பிரார்த்தனா மூடியதற்கு ஆளாளுக்கு ஒப்பாரி வைக்கிறீர்கள். கொரோனாவுக்கு முந்தைய ஐந்து வருஷத்தில் அங்கே போனவர்கள் கை தூக்குங்கள், பார்ப்போம். மூட்டைப்பூச்சியும் ஒழுகும் கூரையுமாக இருந்த பழைய தியேட்டர்கள் போனதில் அப்படி என்னதான் நஷ்டம்?

மார்ச் 2

நான் கை தூக்க முடியாது. கடைசியாகப் போனபோது பெரியவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இப்போது அவள் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான். கேள்வி நியாயமானதுதான். ஆனால் மூட்டைப்பூச்சியைத் தியேட்டர் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள். அது ஆபீஸ் நாற்காலியிலும் இருந்தது, ரயில் பெஞ்சிலும் இருந்தது, கல்யாண வீட்டு ஜமக்காளத்திலும் இருந்தது.

மார்ச் 2, இரவு

பிரார்த்தனாவைப் பார்க்காதவர்களுக்காக. ஈஞ்சம்பாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய திறந்தவெளி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தது. பக்கத்திலேயே ஆராதனா என்று கூரை போட்ட தியேட்டரும் உண்டு. டிரைவ்-இன் என்றால் காருக்குள் உட்கார்ந்து முன்கண்ணாடி வழியாகப் பார்ப்பது என்றுதான் இங்கிலீஷ் படங்களில் பார்த்திருந்தோம். நம் ஜனங்களுக்கு அது சரிப்பட்டு வரவில்லை. வண்டியைத் திருப்பிப் பின்பக்கம் திரையைப் பார்க்கிற மாதிரி நிறுத்துவது, டிக்கியைத் திறந்து பிள்ளைகளை அதில் உட்கார வைப்பது, தரையில் பாய், மடக்கு நாற்காலி, தூக்குவாளியில் புளியோதரை. எங்கள் அம்மா இடைவேளைக்கு முன்பே பின்சீட்டில் காலை நீட்டித் தூங்கிவிடுவாள். வீட்டுக்குப் போகிற வழியில் கதை கேட்பாள்.

படம் பார்த்தோம் என்று சொல்ல மாட்டேன். கடற்காற்றில் சாப்பிட்டோம், எதிரே ஒரு படம் ஓடியது.

மார்ச் 5

"இவ்வளவு நன்றாக இருந்தால் ஊருக்கு நாலு டிரைவ்-இன் ஏன் வரவில்லை?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள். வெயில் இருக்கும்வரை திரையில் ஒன்றும் தெரியாது. சாதாரணத் தியேட்டர் நாலு காட்சி ஓட்டுகிற நாளில் இதில் ராத்திரி மட்டும்தான். மழைக்காலத்தில் அதுவும் சந்தேகம். ஒரு கார் நிற்கிற இடத்தில் எத்தனை நாற்காலி போடலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலம் மலிவாக இருக்கிற ஊர் எல்லையில்தான் இந்தத் தொழில் பிழைக்கும். ஊர் வளர்ந்து எல்லை நகர்ந்துவிட்டால் காலி.

அமெரிக்காவிலும் கதை இதேதான். 1933-இல் நியூ ஜெர்சி மாநிலத்து கேம்டன் பக்கம் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர் முதல் டிரைவ்-இன்னைத் திறந்தார். காரின் முன்சக்கரம் சற்று மேடேறி நிற்கும்படி மண்ணைச் சரித்துப் போட்டதுதான் அவர் யோசனை. அப்போதுதான் பின்வரிசைக்காரருக்கும் திரை மறையாது. பிற்பாடு அங்கேயும் அந்த மண்மேடுகள் பலவற்றை அங்காடிகள் விழுங்கின. நம் நாட்டில் பெரிய பெயர் அகமதாபாத் டிரைவ்-இன். 1973-இல் வந்தது.

மார்ச் 6

இல்லை, கதீட்ரல் ரோடு டிரைவ்-இன்னில் எந்தப் படமும் ஓடவில்லை. அது உட்லண்ட்ஸ் ஓட்டல். காரிலேயே தட்டு வரும். 2008-இல் மூடினார்கள், அந்த இடம்தான் இப்போது செம்மொழிப் பூங்கா. அங்கே படம் பார்த்ததாக நினைவிருக்கிறது என்று எழுதிய நண்பர் எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

மார்ச் 11

கேள்விக்கு வருகிறேன். என்ன நஷ்டம் என்பதைக் கட்டடத்தில் தேடினால் கிடைக்காது. படம் எப்படி ஊருக்குள் வந்தது என்பதில் தேட வேண்டும்.

அப்போது பெரிய படமாகவே இருந்தாலும் சென்னைக்கு மூன்று, நாலு, மிஞ்சினால் ஐந்து தியேட்டர்தான். மவுண்ட் ரோட்டில் ஒன்று, வடசென்னைக்கு ஒன்று, புரசைவாக்கம் பக்கம் ஒன்று, சில சமயம் தெற்கே ஒன்று. பேப்பர் விளம்பரத்தின் அடியில் பெயர்கள் வரிசையாக இருக்கும். சிவாஜி படம் என்றால் சாந்தி, கிரௌன், புவனேஸ்வரி. இந்த மூன்றையும் தனித்தனியாகச் சொன்னால் எனக்கு இன்னும் நாக்கு இடறும், ஒரே மூச்சில்தான் வரும். 1973-இல் 'உலகம் சுற்றும் வாலிபன்' தேவி பாரடைஸ், அகஸ்தியா, உமா. தொழிலில் இதை 'காம்பினேஷன்' என்பார்கள். இந்த வரிசையை வைத்தே யார் படம் என்று சொல்லிவிடுகிற பெரியவர்கள் எங்கள் தெருவில் உண்டு.

நாங்கள் பழைய வண்ணாரப்பேட்டை. எங்களுக்கு சாந்தி என்பது பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற இடம், தீபாவளிச் சட்டை போட்டுக்கொண்டு போகிற இடம். தங்கசாலை கிரௌன் கைலி கட்டிக்கொண்டு போகிற இடம். படம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் சாந்தியில் பார்த்தவனும் கிரௌனில் பார்த்தவனும் மறுநாள் பேசும்போது ஏதோ இரண்டு வேறு படத்தைப் பார்த்தவர்கள் மாதிரி சண்டை போடுவார்கள். கிரௌன்காரனுக்கு வசனம் பாதி கேட்டிருக்காது, விசில்தான் கேட்டிருக்கும்.

படம் வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும். போன வாரம் காசு இல்லையா, அடுத்த வாரம் பார்க்கலாம். முதல் சுற்று முடிந்து மவுண்ட் ரோட்டைவிட்டு இறங்கினால் அடுத்த தரத்துத் தியேட்டருக்கு வரும். அப்புறம் புறநகர் டென்ட் கொட்டகைக்கு வரும். ஒவ்வொரு படியிலும் டிக்கெட் விலையும் இறங்கும்.

மார்ச் 12

குளோப் தியேட்டர் பின்னாளில் என்ன ஆனது என்று மேலே மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லியிருப்பதால் பிரித்துச் சொல்கிறேன். புரசைவாக்கம் குளோப் பின்னாளில் ராக்சி ஆனது. மவுண்ட் ரோடு குளோப் பின்னாளில் அலங்கார் ஆனது. இரண்டும் வேறு வேறு. அதேபோல மிட்லண்ட் ஜெயப்பிரதா ஆனது, ராயப்பேட்டை ஓடியன் மெலடி ஆனது, மினர்வா பாட்சா ஆனது. ஆட்டோக்காரர் எந்தத் தலைமுறையோ அந்தப் பெயரைச் சொன்னால்தான் வண்டி நகரும்.

மார்ச் 19

சித்தப்பா ஆபரேட்டராக இருந்தார் என்று எங்கேயோ எழுதியிருந்தேன், அதைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் விவரம் கேட்கிறார்கள். தியேட்டர் பெயர் வேண்டாம். வடசென்னை, அவ்வளவுதான்.

ஆபரேட்டர் ரூமுக்குப் போக மாடிக்கு வெளியே ஒரு இரும்பு ஏணி. உள்ளே இரண்டு புரொஜெக்டர்கள். பல்பு கிடையாது. கார்பன் குச்சிதான். பென்சில் பருமனில் இரண்டு குச்சிகள், மேலே செம்புப் பூச்சு. ஒன்று பாசிட்டிவ், ஒன்று நெகட்டிவ். இரண்டு நுனியையும் தொட்டுப் பிரித்தால் நடுவில் வெள்ளையாக ஒரு வெளிச்சம் பற்றிக்கொள்ளும். அதை நேராகப் பார்த்தால் ராத்திரி முழுக்கக் கண்ணில் மணல் அறுக்கும். விளக்குப் பெட்டியின் பக்கவாட்டில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு சின்னத் துளை இருக்கும், அதன் வழியாகத்தான் பார்க்கலாம். எரிய எரியக் குச்சி தேய்ந்து இடைவெளி கூடும். திருகி நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். டீக்காரப் பையனோடு பேச்சுக் கொடுத்துவிட்டால் திரை மஞ்சளாகி மங்கும். அடுத்த நொடி கீழேயிருந்து "டேய் ஆபரேட்டர்!" என்று குரல் வரும். கதாநாயகி அழுகிற இடமாக இருந்தால் குரலோடு சித்தப்பாவின் குலம் கோத்திரமும் வரும்.

ஆயிரம் அடி ரீல் சுமார் 11 நிமிஷம் ஓடும். இரண்டை ஒட்டி ஒன்றாகச் சுற்றி வைத்திருப்பார்கள். ஒரு மெஷினில் ரீல் முடிகிறபோது அடுத்த மெஷின் பிடித்துக்கொள்ள வேண்டும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி சட்டென்று வந்து போகும். முதல் புள்ளிக்கு மோட்டாரைப் போடு, ஏழெட்டு நொடியில் வருகிற இரண்டாவது புள்ளிக்கு ஒளியை மாற்று. பிரின்ட் அடிவாங்கியிருந்தால் புள்ளி இருக்கிற துண்டே வெட்டுப்பட்டுப் போயிருக்கும். அப்போது ஊசியால் ஃபிலிமைச் சுரண்டி ஆபரேட்டர்களே சொந்தமாக ஒரு அடையாளம் போட்டுக்கொள்வார்கள். ஒவ்வொரு தியேட்டர்காரரும் ஒரு சுரண்டல் சேர்த்துச் சேர்த்து, நாலாவது தியேட்டருக்கு வரும்போது அந்த மூலையில் திருவிழாவே நடக்கும். அவர் சொல்லிக் கொடுத்த பிறகு எந்தப் படத்தையும் நிம்மதியாகப் பார்க்க முடியாமல் போனது எனக்கு. கண் அந்த மூலைக்கே போகும்.

எரிந்து மிஞ்சிய கார்பன் துண்டுகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார். அந்தச் செம்புப் பூச்சை உரிப்பதற்கு எங்களுக்குள் அடிதடி. எதற்கு உரித்தோம் என்று கேட்காதீர்கள்.

மார்ச் 20

ரீல் பேச்சு வந்ததால் இன்னொன்று. படம் தொடங்குமுன் சென்சார் சர்டிபிகேட் காட்டுவார்களே, அதில் எத்தனை ரீல் என்று போட்டிருக்கும். அதைப் படித்துக் கைதட்டுவார்கள். பதினெட்டு ரீல் என்றால் கொடுத்த காசுக்கு ஜாஸ்தி கிடைத்த சந்தோஷம். பதிமூன்று ரீல் என்றால் முணுமுணுப்பு. இன்றைக்கு இரண்டே கால் மணி நேரப் படத்தை நீளம் என்கிறார்கள்.

ஏப்ரல் 4

சபையர் பற்றி யாரும் எழுதவில்லையே என்று ஒரு மாதமாகக் காத்திருந்தேன். சரி, நானே எழுதுகிறேன். 1964-இல் 'கிளியோபாட்ரா'வோடு திறந்தார்கள். ஒரே வளாகத்தில் சபையர், புளூ டயமண்ட், எமரால்ட் என்று மூன்று. இன்றைக்கு மல்டிபிளெக்ஸ் என்று எதைச் சொல்கிறோமோ அது ஜெமினி பக்கத்தில் அப்போதே இருந்தது. சபையரில் 70 எம்.எம். திரை.

எங்களுக்கு முக்கியம் புளூ டயமண்ட். அங்கே தொடர் காட்சி. காலையில் தொடங்கினால் ராத்திரிவரை ஒரே படம் திரும்பத் திரும்ப ஓடும். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். ஏ.சி. வேறு. மே மாத சென்னையில் ஒரு டிக்கெட் காசுக்கு நாள் முழுக்கக் குளிர்ச்சி கிடைத்தால் கல்லூரிக்கு எவன் போவான்? பாதியில் நுழைந்து கொலைகாரனைப் பார்த்துவிட்டு, பிறகு முதலிலிருந்து கொலையைப் பார்ப்போம். சில படங்கள் அப்படிப் பார்த்தால்தான் நன்றாக இருந்தன. பாதிப் பேர் தூங்க வந்தவர்கள். மெடிக்கல் ரெப்புகள் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு மதியத் தூக்கம் போடுவார்கள். டார்ச் வைத்திருந்த ஆளும் அவர்களை எழுப்பி நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 5

சபையரை 1994-இல் மூடினார்கள். நிலத்தை அ.தி.மு.க. வாங்கியது, கட்டடத்தை இடித்தார்கள், பிறகு வெகுகாலம் வெற்று மனை. டி.வி. வந்ததால் தியேட்டர் செத்தது, திருட்டு வி.சி.டி.யால் செத்தது என்று மேலே நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் காயப்படுத்தியது உண்மை. ஆனால் மவுண்ட் ரோட்டில் எது எதுவாக ஆனது என்று பாருங்கள். நியூ எல்பின்ஸ்டன் இருந்த இடத்தில் ரகேஜா காம்ப்ளெக்ஸ். வெலிங்டன் இருந்த இடத்தில் வெலிங்டன் பிளாசா. ஆனந்த் இருந்த இடத்திலும் வணிக வளாகம். 'பராசக்தி' 1952-இல் வெளியான வாலாஜா ரோடு பாரகன் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஆயிரம் பேர் உட்காருகிற கூடம், வண்டி நிறுத்த இடம் என்று ஒரு தியேட்டருக்குக் கிரவுண்டு கணக்கில் மனை வேண்டும். அந்த மனையின் விலைக்கு வட்டி போட்டாலே, நாலு காட்சி நிறைந்தாலும் டிக்கெட் வசூல் அதைத் தொடாது. இதற்கு நடுவில் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தியேட்டரை நாலாகப் பிரிக்க முடியாது, விற்ற பணத்தைப் பிரிக்கலாம்.

ஏப்ரல் 17

டிக்கெட் எடுத்த கதை கேட்டவருக்கு. சுவரை ஒட்டி ஓர் ஆள் மட்டும் போகிற அகலத்தில் நீளமாக ஒரு கம்பிக் கூண்டு, மேலேயும் கம்பி. நுழைந்தால் பின்னால் வர முடியாது. வெயிலில் கம்பி காயும், முன்னாடி நிற்பவரின் முதுகு வியர்வை நம் சட்டையில் ஒட்டும். கவுன்டர் என்பது சுவரில் ஒரு கை நுழைகிற ஓட்டை. அதில் ஒரே சமயத்தில் மூன்று கை இருக்கும். காசை உள்ளங்கையில் வைத்து மூடி, நுழைத்து, உள்ளே விரித்துக் காட்ட வேண்டும். உள்ளே இருக்கிற ஆள் விரலைப் பிரித்துக் காசை எடுத்துக்கொண்டு டிக்கெட்டைத் திணித்து அவரே விரலை மூடிவிடுவார். கையை உருவி வெளியே எடுக்கும்போது மணிக்கட்டுத் தோல் உரியும். டிக்கெட்டின் மை வியர்வையில் கரைந்து உள்ளங்கையில் சீட்டு நம்பர் தலைகீழாகப் பதிந்திருக்கும். எங்கள் ஏரியாப் பையன்கள் சிலர் கூண்டுக் கம்பியைப் பிடித்து ஏறி, உள்ளே நிற்பவர்களின் தோளை மிதித்துக்கொண்டே ஓட்டை வரை போவார்கள். அவர்களை யாரும் அடித்ததில்லை. சத்தம் மட்டும் போடுவார்கள்.

பெண்கள் வரிசை தனி, அதில் கூட்டம் குறைவு. அதனால் தெருவிலிருந்து ஏதாவது ஒரு அக்காவைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போய் நிற்க வைப்போம். அக்காவுக்கு டிக்கெட் இலவசம், முறுக்கும் உண்டு.

ஏப்ரல் 17, சற்றுப் பிறகு

பிளாக்கில் வாங்கியதே இல்லையா என்று கேட்டவருக்கு: வாங்கியிருக்கிறேன். அந்த அக்காதான் விற்றார்.

மே 1

தியேட்டர் கல்யாண மண்டபமாவது சென்னைக்கே உரிய விசேஷமா? தி.நகரில் நடிகர் நாகேஷ் கட்டிய தியேட்டர் மண்டபமானது, மயிலாப்பூர் காமதேனுவும் மண்டபமானது. யோசித்தால் பொருத்தம்தான். பெரிய கூடம், நடுவில் தூண் கிடையாது, மேடை ஏற்கெனவே இருக்கிறது, வண்டி நிறுத்த இடமும் இருக்கிறது. தரைச் சரிவை மட்டும் சமப்படுத்த வேண்டும். ஒரு காலத்தில் தியேட்டராக இருந்த மண்டபம் ஒன்றில் உறவுக்காரக் கல்யாணத்துக்குப் போனபோது எங்கள் மாமா முகூர்த்தத்தைப் பார்க்காமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டால், "இங்கே பால்கனி எங்கே இருந்ததுன்னு பார்க்கிறேன்" என்றார்.

மே 9

எது முதல் தியேட்டர் என்ற சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. மவுண்ட் ரோடு எலெக்ட்ரிக் தியேட்டர் 1913, வார்விக் மேஜர் கட்டியது. அந்தக் கட்டடம் பிறகு தபால் இலாகா கைக்குப் போனது, அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்தில். கெயிட்டி 1914, ரகுபதி வெங்கையா கட்டியது, தென்னிந்தியாவில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் தியேட்டர் என்பது அதன் பெருமை. கிரௌனும் புரசைவாக்கம் குளோப்பும்கூட அவருடையவைதான். முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31-இல் வந்தது கினிமா சென்ட்ரலில், பின்னாளில் அதுவே முருகன் டாக்கீஸ். 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி பார்த்தது பிராட்வேயில்.

இந்தப் பட்டியலில் எலெக்ட்ரிக்கையும் கெயிட்டியையும் தவிர்த்து மற்றவை வடக்கே இருப்பதைக் கவனியுங்கள். மவுண்ட் ரோடு துரைமார்களின் கடைத்தெரு. தமிழ் சினிமா வளர்ந்தது சென்ட்ரலுக்கு அந்தப் பக்கம். வடசென்னைக்காரன் சொன்னால் ஊர்ப்பற்று என்பீர்கள், சொல்லிவிட்டேன்.

மே 23

இழையின் தலையில் இருக்கிற கேள்வியை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "நஷ்டம் உங்களுக்கு. எனக்கு என்ன நஷ்டம்?" என்றாள். இரண்டாம் ஆட்டம் அவர்கள் வீட்டில் பெண்களுக்குக் கிடையாது. பகல் காட்சிக்குப் போனாலும் நாலு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருப்பாளாம், கழிப்பறைக்குப் பயந்து. "இப்போ மால்ல சுத்தமா இருக்கு, அதுக்கே காசு கொடுக்கலாம்" என்றாள். நான் இத்தனை நாளாக எழுதியதில் இது எங்கேயும் வரவில்லை.

அதற்குப் பிறகும் மார்ச் 11-இல் எழுதியதில்தான் நிற்கிறேன், ஆனால் கொஞ்சம் குறுக்கிக்கொள்கிறேன். கம்பிக் கூண்டு போனது நல்லது. மூட்டைப்பூச்சி போனது நல்லது. போகக்கூடாதது அந்தப் படிக்கட்டு, விலை இறங்கி இறங்கி வந்து படத்தை நம் தெருவில் கொண்டுவிட்ட படிக்கட்டு. இப்போது எல்லாத் திரையிலும் ஒரே நாளில் வருகிறது, இரண்டாவது வெள்ளிக்கிழமை பார்த்தால் பாதித் திரையில் இல்லை. காத்திருந்து மலிவாகப் பார்க்கிறவனுக்குத் தியேட்டரில் இடமே கிடையாது, அவன் போனில் பார்க்க வேண்டியதுதான். வடபழனி ஏவி.எம். ராஜேஸ்வரி மூடும்வரை குறைந்த கட்டணத்தில் ஓட்டிக்கொண்டிருந்தது. அங்கே கடைசி வருஷங்களில் பார்த்தவர்களில் கட்டட வேலை முடித்து நேரே வந்தவர்கள் நிறைய. அவர்கள் இப்போது எந்த மாலுக்குப் போகிறார்கள்?

மே 24

"ஓ.டி.டி. வந்ததே, அதுதான் படிக்கட்டு" என்கிறார் ஒருவர். வீட்டில் ஒரே அறையில் ஏழு பேர் படுக்கிற ஆளிடம் போய்ச் சொல்லுங்கள். அவன் தியேட்டருக்குப் போனதே வீட்டைவிட்டு மூன்று மணி நேரம் வெளியே இருக்கத்தான்.

ஜூன் 8

சாந்தி 2016, அகஸ்தியா 2020, உதயம் 2024 என்று மூடிய கணக்கை மட்டும் எழுதுகிறோம், இருப்பதையும் எழுதுங்கள் என்று கேட்டவருக்கு. தேவி இருக்கிறது, 1970-இலிருந்து. காசினோ அதைவிடப் பழசு, அதுவும் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதானால் தேவி பாரடைஸுக்குப் போங்கள். மாடிப்படிக்குப் பதில் சுற்றிச் சுற்றி ஏறுகிற சாய்தளம் இருக்கும். ஏறும்போது மூட்டு வலிக்காது, படம் விட்டதும் பிள்ளைகள் மேலேயிருந்து கீழேவரை ஓடாமல் இருக்க மாட்டார்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், திருப்பத்தில் கூட்டம் நெருக்கும். ஞாயிற்றுக்கிழமை வண்டியில் போகாதீர்கள், மெட்ரோவில் போங்கள்.